பெபேயாள் கோயிலைக் கூட்டிப் பெருக்கியவளா?

கேள்வி இது: “சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள். கொயரில் பாடினேன், ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்தேன். வயது 34. போன வருஷம் சபைக் கூட்டத்தில் வரவு செலவு பற்றி ஒரு கேள்வி கேட்டேன். ஒரு பெரியவர் எழுந்து, ‘சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்’ என்று வசனம் சொல்லி உட்காரவைத்துவிட்டார். அன்றிலிருந்து வேதத்தைத் திறக்க மனம் வரவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை. இப்படித் தவித்த பெண்கள் வேறு உண்டா? அவர்கள் என்ன செய்தார்கள்? இதெல்லாம் வெள்ளைக்காரப் பெண்ணியம் என்கிறார் என் அண்ணன். அப்படித்தானா?”

முதலில் அந்தப் பெரியவரின் வசனத்தை எடுத்துக்கொள்வோம். 1 கொரிந்தியர் 14:34. அதற்கு மூன்று அதிகாரம் முன்னால், 11:5இல், ஜெபம்பண்ணுகிற பெண்ணும் தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண்ணும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். முக்காட்டைப் பற்றி நமக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும். வாயைத் திறக்கவே உத்தரவில்லாதவள் தீர்க்கதரிசனம் எப்படிச் சொல்லியிருப்பாள்? ஒரே ஆள், ஒரே சபைக்கு, ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இதை அறிஞர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாக விளக்குகிறார்கள். கொரிந்து சபையில் நடந்த ஏதோ ஒரு குழப்பத்தை அடக்கச் சொன்னது என்பார்கள் சிலர். 34, 35 ஆகிய இரண்டு வசனங்களும் பிற்காலத்தில் யாரோ ஏட்டின் ஓரத்தில் குறித்துவைத்து, படியெடுத்தவர் கையால் உள்ளே நுழைந்துவிட்டவை என்பார்கள் வேறு சிலர். சில பழைய பிரதிகளில் இந்த இரண்டு வசனமும் இப்போதிருக்கும் இடத்தில் இல்லை, 40ஆம் வசனத்துக்குப் பிறகு இருக்கின்றன. நம் ஊரில் ஏட்டுச்சுவடி பதிப்பிக்கிறவர்களைக் கேளுங்கள், இடம் மாறித் திரிகிற வரி என்றால் உடனே சந்தேகப்படுவார்கள். ஆனால் இந்த வசனங்கள் அடியோடு இல்லாத பிரதி எதுவும் கிடைத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவது விளக்கமே சரியென்று படுகிறது. என்னோடு வேலை பார்த்தவர்களில் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் இறையியல் மாணவர்களுக்குக் கிரேக்கு சொல்லிக்கொடுத்தவள். அதற்கு முன் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஓய்வுநாள் பள்ளிக்குப் போய் வசனம் ஒப்பித்துப் பென்சில் பரிசு வாங்கிய பிள்ளை. ரோமர் 16ஆம் அதிகாரத்தில் வரும் பெபேயாள் யார் என்று அப்போது ஒருநாள் கேட்டேன். “கெங்கிரேயா ஊர் சபைக்கு ஊழியக்காரி” என்று இருக்கிறது அல்லவா, அவள் கோயிலைக் கூட்டிப் பெருக்கிப் பாய் விரித்தவள் என்றார் டீச்சர். அவர் நல்லவர். அவருக்கு யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள்.

இருபத்து நாலு வயதில் கிரேக்கு படிக்கும்போது அந்தச் சொல்லைப் பார்த்தேன்: டியாகோனோஸ். பிலிப்பியர் 1:1இல் “கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும்” என்று நம் வேதம் சொல்கிற இடத்தில் உதவிக்காரருக்கு இருக்கும் அதே சொல். 1 தீமோத்தேயு 3இல் அந்தப் பதவிக்கான தகுதிகளை அடுக்குகிற இடத்திலும் அதே சொல். ஆண்கள் கூட்டமாக வந்தால் பதவிப் பெயர், பெபேயாள் வந்தால் ஊழியக்காரி. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் மேல் முழுப் பழியையும் போடவும் முடியாது. பவுல் தன்னைத்தானே அதே சொல்லால் குறிக்கும்போது அவர்கள் “ஊழியக்காரன்” என்றுதான் போட்டிருக்கிறார்கள். இன்னும் வேடிக்கை, இன்றைய கிறிஸ்தவப் பேச்சில் “ஊழியக்காரர் வந்திருக்கிறார்” என்றால் நாற்காலி போடுகிறோம், காபி கொடுக்கிறோம், பிரசங்கம் செய்யச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பெண்பால் விகுதி சேர்ந்ததும் நம் காதில் வேலைக்காரி என்று விழுகிறது. கோளாறு பாதி ஏட்டில், பாதி காதில்.

உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வருவது இதை ஒட்டியதுதான். கிறிஸ்தவ மரபோடு தங்கள் உறவை மறுபடி யோசித்துப் பார்த்த பெண்களின் வரலாற்றைப் புரட்டினால், முக்கியமான பலர் ஒரே இடத்தில் தொடங்கியிருக்கிறார்கள்: இதை எனக்கு வாசித்துக் காட்டியது யார், நானே வாசித்தால் என்ன? சபையில் இருப்பதா, போவதா என்ற முடிவெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது, ஆளுக்கு ஆள் வேறாகவும் வந்தது.

சாரா கிரிம்கே 1792இல் அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் அடிமைகளை வைத்திருந்த பணக்கார வீட்டில் பிறந்தவர். தந்தை நீதிபதி. அண்ணன் லத்தீன் படித்தார், தானும் படிக்கிறேன் என்று கேட்ட சாராவுக்குக் கிடைக்கவில்லை. அடிமைகளுக்கு எழுத்து கற்பிப்பது அந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றம். தனக்குப் பணிவிடை செய்த சிறுமிக்கு அவர் இரவில் கதவின் சாவித் துவாரத்தை மறைத்துவிட்டு, கணப்பு வெளிச்சத்தில் இருவருமாகத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். வளர்ந்தபின் வீட்டை விட்டு வடக்கே போய், குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்து, தங்கை ஆஞ்சலினாவோடு அடிமை முறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசினார். 1837இல் மாசசூசெட்ஸ் போதகர்கள் ஒரு சுற்றறிக்கை விட்டார்கள். பெண் என்பவள் கொடி, கொம்பைப் பற்றிப் படர்ந்தால் அழகு, தானே மரமாகப் பார்த்தால் புழுதியில் விழுவாள் என்று அதில் கண்டித்தார்கள். கொழுகொம்பு உவமையெல்லாம் நமக்குப் பழக்கமானதுதான், அங்கேயும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

சாரா பதிலுக்குக் கடிதங்களாக எழுதி 1838இல் நூலாக்கினார். ஆதியாகமம் 3:16இல் கடவுள் ஏவாளிடம் சொல்வதை ஆங்கில வேதம் கட்டளைபோல் ஒலிக்கும் வினையில் போட்டிருக்கிறது, அது நடக்கப்போவதைச் சொல்கிற வாக்கியம், கட்டளை இல்லை என்றார். மனைவிமார்மேல் அதிகாரம் செலுத்திப் பழகிய ஆண்கள் மொழிபெயர்த்ததால் வந்த வினை என்றும் சொன்னார். இதைப் படித்துவிட்டு நம் தமிழ் வேதத்தை எடுத்துப் பார்த்தேன். “அவன் உன்னை ஆண்டுகொள்ளுவான்” என்று இருக்கிறது. எளிய எதிர்காலம். கட்டளையிட வேண்டிய இடத்தில் நம் வேதத்துக்கு ஒரு தனி நடை உண்டு: “கடவன்”, “கடவர்கள்”. உங்களை உட்காரவைத்த வசனத்திலேயே அது இருக்கிறது. ஏவாளிடம் சொன்னதில் இல்லை. சாரா ஆங்கிலத்தில் போராடிக் கேட்டது, யாரும் கேட்காமலேயே நம் மொழியில் கிடந்திருக்கிறது. ஆனாலும் கல்யாணப் பிரசங்கத்தில் அந்த வசனம் கட்டளையாகத்தான் வந்து விழுகிறது.

பெண்களுக்கு எபிரெயமும் கிரேக்கும் படிக்க வாய்ப்புக் கிடைத்தால் வேதத்துக்கு வேறு வாசிப்புகள் வரும் என்று சாரா எழுதியிருந்தார். அதே 1792இல் பிறந்த ஜூலியா ஸ்மித் அதைச் செய்தே காட்டினார். கனெக்டிகட் மாநிலத்து கிளாஸ்டன்பரிக்காரர். 1840களில் வில்லியம் மில்லர் என்பவர் உலக முடிவுக்கு நாள் குறித்தார். நாள் வந்தது, போனது, உலகம் அப்படியே இருந்தது. மூலத்தில் என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தார் ஜூலியா. கிரேக்கிலிருந்தும் எபிரெயத்திலிருந்தும் இரண்டிரண்டு முறை, லத்தீனிலிருந்து ஒரு முறை, ஆக ஐந்து முறை. அச்சிட நினைக்கவில்லை, பெட்டியில் கிடந்தது. எண்பது வயதைத் தாண்டிய பிறகு ஊர் நிர்வாகத்தோடு சண்டை வந்தது. வாக்குரிமை இல்லாத நாங்கள் வரி கட்ட மாட்டோம் என்று அவரும் தங்கை ஆபியும் மறுத்தார்கள். 1874இல் அதிகாரிகள் இவர்களுடைய பசுக்களை ஓட்டிக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள். ஒரு பெண்ணுக்கு என்ன தெரியும் என்ற பேச்சுக்குப் பதிலாக 1876இல் தன் கைக்காசைப் போட்டு முழு வேதத்தையும் வெளியிட்டார் ஜூலியா. முழு வேதாகமத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த முதல் பெண் அவர். நடை முரடுதான், ஒரு மூலச் சொல்லுக்கு ஒரே ஆங்கிலச் சொல் என்று பிடிவாதம் பிடித்திருப்பார். ஆனால் ஆதாம் தன் மனைவிக்கு “ஜீவன்” என்று பேரிட்டான் என்று அவர் பெயர்த்ததைப் படிக்கும்போது, ஏவாள் என்ற பேருக்குப் பின்னால் இத்தனை நாள் ஒளிந்திருந்த பொருள் பளிச்சென்று தெரியும்.

எலிசபெத் கேடி ஸ்டாண்டன் வேறு மாதிரி. 1848இல் அமெரிக்காவில் செனெகா ஃபால்ஸ் பெண்ணுரிமை மாநாட்டைக் கூட்டியவர்களில் ஒருவர். 80 வயதில், 1895இல், பெண்களின் வேதாகமம் என்ற பெயரில் ஒரு விளக்க நூலின் முதல் பாகத்தை வெளியிட்டார், 1898இல் இரண்டாம் பாகம். மலிவு விலை வேதப் புத்தகங்களை வாங்கி, பெண்களைப் பற்றிய பகுதிகளைக் கத்தரித்துத் தாளில் ஒட்டி, கீழே விளக்கம் எழுதுவது அவரும் அவரோடு சேர்ந்த பெண்களும் செய்த வேலை முறை. ஜூலியா ஸ்மித்தின் மொழிபெயர்ப்பைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். எபிரெயமும் கிரேக்கும் தெரிந்த பெண்கள் சிலர் தங்கள் பெயர் கெட்டுவிடும் என்று சேர மறுத்தார்கள் என்று ஸ்டாண்டனே முன்னுரையில் குறைப்பட்டுக்கொள்கிறார். புத்தகம் நன்றாக விற்றது. போதகர்கள் திட்டியது எதிர்பார்த்ததுதான். வாக்குரிமைக்காக அவரோடு சேர்ந்து நின்ற பெண்களின் சங்கமே 1896 ஜனவரியில் 53க்கு 41 என்ற வாக்கில் அந்த நூலுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று தீர்மானம் போட்டது. நெடுங்காலத் தோழி சூசன் ஆந்தனி அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசியும் பலிக்கவில்லை.

ஸ்டாண்டனிடம் எனக்கு ஒரு மனக்கசப்பு உண்டு. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தம் வந்தபோது அவர் பேசிய பேச்சுகளில் இனத்திமிர் இருந்தது. யூதர்களைப் பற்றியும் அந்த நூலில் படிக்கக் கூசும் வரிகள் உண்டு. கத்தரிக்கோல் கையிலிருந்தது, எதை வெட்ட வேண்டும் என்பது முழுக்கத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது உங்கள் அண்ணனுக்கு வருகிறேன். இது வெள்ளைக்காரச் சரக்கு என்கிறவர்களிடம் நான் எப்போதும் கேட்பது, பண்டித ராமாபாயைத் தெரியுமா என்று.

1858இல் சித்பாவனப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, ஊர் எதிர்ப்பை மீறி மனைவிக்கும் மகளுக்கும் சமஸ்கிருதம் கற்பித்தவர். கோயில் கோயிலாகப் புராணம் சொல்லிப் பிழைத்த குடும்பம். 1870களில் சென்னை மாகாணத்தில் வந்த பஞ்சத்தில் தந்தை, தாய், அக்கா மூவரையும் பறிகொடுத்தார். நம் மண்ணில்தான் நடந்தது. அண்ணனும் தங்கையுமாக நடந்தே ஊர் சுற்றிக் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். 1878இல் அங்கே பண்டிதர்கள் அவரைச் சோதித்துப் பார்த்து “பண்டிதா”, “சரஸ்வதி” என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். புராணமெல்லாம் மனப்பாடம், ஆனால் ரிக், யஜுர் போன்ற இந்து வேதங்களைப் படித்ததில்லை, பெண் படிக்கக்கூடாது என்பதால். பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென் அந்த வேதங்களில் ஒன்றின் பிரதியைக் கையில் கொடுத்து, படி என்றார். அப்போதுதான் படித்தார்.

சாதி கடந்து ஒரு வங்காள வழக்கறிஞரை மணந்தார், இரண்டு வருஷத்திற்குள் காலராவில் அவர் இறந்துபோனார், கையில் பெண் குழந்தை. கணவர் வீட்டுப் புத்தகங்களுக்கு நடுவே கிடைத்த வங்காள மொழி லூக்கா சுவிசேஷம்தான் அவர் முதலில் வாசித்தது. 1883இல் மருத்துவம் படிக்க இங்கிலாந்து போனார். காது கேட்பது குறைந்துகொண்டு வந்ததால் அது நடக்கவில்லை. வாண்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிகன் கன்னியர் மடத்தில் தங்கினார். தெருவில் கைவிடப்பட்ட பெண்களை அந்தச் சகோதரிகள் பரிவோடு நடத்துவதைக் கண்டு, ஏன் இப்படி என்று கேட்டார். சமாரியப் பெண்ணோடு கிணற்றடியில் இயேசு பேசிய கதையை வாசித்துக் காட்டினார்கள். 1883 செப்டம்பர் 29 அன்று மகள் மனோரமாவோடு ஞானஸ்நானம் பெற்றார்.

நம் சபைகளில் ராமாபாய் கதை இந்த இடத்தில் நின்றுவிடும். போதகர் “அல்லேலூயா” என்பார், பாட்டுக்குப் போய்விடுவோம். எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான்.

ஞானஸ்நானம் வாங்கிய மறு வருஷமே கடிதச் சண்டை தொடங்குகிறது. ஜெரால்டின் என்ற சகோதரி அவருக்கு ஆன்மிகத் தாய் ஸ்தானத்தில் இருந்தவர். கீழ்ப்படி என்கிறார். ராமாபாய் கேள்வி கேட்கிறார். திரித்துவக் கோட்பாட்டை வேதத்தில் எங்கே காண்பது? திரித்துவத்தை வலியுறுத்தும் பழைய அத்தனாசியு விசுவாசப் பிரமாணத்தை நான் ஏன் அப்படியே விழுங்க வேண்டும்? இந்தியப் புரோகிதர்களின் நுகத்தடியிலிருந்து இப்போதுதான் பெரும்பாடுபட்டுக் கழுத்தை விடுவித்துக்கொண்டேன், உடனே இன்னொரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்தடியில் கொடுக்க மனமில்லை என்ற பொருளில் 1885இல் எழுதினார். லத்தீன் எழுத்துப் பொறித்த சிலுவையை அணியச் சொன்னபோது, லத்தீன் எங்கள் சமஸ்கிருதத்தைவிட எந்த விதத்தில் உயர்ந்தது என்று கேட்டார். முட்டை சேர்த்த பலகாரத்தைத் தொட மாட்டார், அதைச் சாதித் திமிர் என்று சகோதரிகள் குறைசொன்னார்கள். செல்ட்டனம் மகளிர் கல்லூரியில் இருந்தபோது ஆண் மாணவர்களுக்கும் பாடம் எடுக்கும் யோசனை வந்தது. ஒரு பெண் ஆண்களுக்குப் போதித்தால் இந்தியாவில் அவள் மரியாதை கெட்டுவிடும் என்று இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலிகன் பேராயர்கள் தடுத்தார்கள். இந்தியப் பண்டிதர்கள் சபை கூட்டி அவர் பேச்சைக் கேட்டுப் பட்டம் கொடுத்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது! அவர் அதைச் சொல்லிக் காட்டாமல் விடவில்லை.

அதாவது, கேள்வி கேட்டவர் இந்தியப் பெண், வாயை மூடச் சொன்னவர்கள் வெள்ளைக்காரர்கள். உங்கள் அண்ணனுக்கு இதைச் சொல்லுங்கள்.

ராமாபாய் திரும்பி வந்து 1889இல் பம்பாயில் சாரதா சதனம் தொடங்கினார், விதவைகளுக்கான பள்ளி. மறு வருஷம் புனேவுக்கு மாறியது. அங்கிருந்த பெண்கள் சிலர் கிறிஸ்தவத்தில் நாட்டம் கொண்டபோது 1893இல் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது, திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாக எழுதியது. பிறகு கேட்காவ் கிராமத்தில் முக்தி மிஷன். 1896-97 பஞ்சத்தில் தெருவில் கிடந்த பெண்களையும் குழந்தைகளையும் நூற்றுக்கணக்கில் கொண்டுவந்து சேர்த்தார். பஞ்சம் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கடைசிப் பதினைந்து வருஷம் போல அவர் செய்த வேலைதான் நான் சொல்லிவரும் வரிசையில் வருகிறது. எபிரெயமும் கிரேக்கும் கற்று வேதாகமம் முழுவதையும் மராத்தியில் பெயர்த்தார். அப்போதிருந்த மராத்தி வேதத்தில் சமஸ்கிருதச் சொல் மிகுதி, எழுத்துக்கூட்டிப் படிக்கிற விதவைக்குப் புரியாது. சமஸ்கிருதத்தில் பட்டம் வாங்கியவரே சமஸ்கிருதத்தைக் களைந்து எளிய மராத்தியில் எழுதினார். அச்சுக் கோத்தது, அச்சடித்தது எல்லாம் முக்தியில் இருந்த பெண்கள். 1922 ஏப்ரல் 5 அன்று இறந்தார். புத்தகம் 1924இல் வந்தது.

ராமாபாயை இன்றைய பெண்ணிய இறையியலின் முன்னோடி என்று மாலை போடுகிறவர்களிடமும் எனக்கு ஒப்புதல் இல்லை. முதுமையில் அவர் வேதத்தை அப்படியே எழுத்துக்கு எழுத்து நம்பியவர். 1905இல் முக்தியில் நடந்த எழுப்புதல் கூட்டங்களை இன்றைய பெந்தெகொஸ்தே சபையார் தங்கள் வரலாற்றில் சேர்த்துக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டுக் கேட்டு அவர் போய்ச் சேர்ந்த இடம் இன்னும் ஆழமான பக்தி. ஸ்டாண்டன் போய்ச் சேர்ந்தது எதிர்ப்பக்கம். எங்கே போய்ச் சேருவோம் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால்தான் சபைப் பெரியவர்களுக்கு இந்த வாசிப்பு பயம் தருகிறது.

விட்டுவிடவும் முடியவில்லை என்றீர்களே, விட்டு வெளியேறியவர்களும் உண்டு. அதில் பெரிய பெயர் மேரி டேலி. கத்தோலிக்கர். அமெரிக்காவில் கத்தோலிக்க இறையியலின் உயர்ந்த பட்டத்துக்குப் பெண்ணுக்கு இடம் கிடைக்காததால் ஸ்விட்சர்லாந்துக்குப் போய்ப் படித்தார். 1971 நவம்பர் 14 அன்று ஹார்வர்டின் நினைவு ஆலயத்தில் ஞாயிறு ஆராதனையில் பிரசங்கம் செய்ய அழைத்தார்கள், அங்கே அந்த வாய்ப்புப் பெற்ற முதல் பெண். பிரசங்க பீடத்தில் நின்று, இந்த மரபை விட்டு வெளியே நடப்போம் வாருங்கள் என்று அழைத்துவிட்டு இறங்கி நடந்தார், கூடவே நூற்றுக்கணக்கானவர்கள் எழுந்து போனார்கள். பிறகு அவர் திரும்பவில்லை. அவர் எழுத்தை நான் மதிக்கிறேன், என்னால் அவரோடு கடைசிவரை நடக்க முடியவில்லை. அதே தலைமுறையில் வேத அறிஞர்களான ஃபிலிஸ் டிரிபிளும் எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சாவும் உள்ளேயே இருந்து வாசித்தார்கள். நியாயாதிபதிகள் 19இல் லேவியனின் மறுமனையாட்டியை இரவெல்லாம் சீரழித்துக் கொன்ற கதையை எந்த ஆலயத்திலாவது பிரசங்கமாகக் கேட்டிருக்கிறீர்களா? டிரிபிள் அதை வரி வரியாக எடுத்து, அந்தப் பெயரில்லாதவளுக்காகத் துக்கம் கொண்டாடுவதே வாசிப்பவரின் வேலை என்று எழுதினார். படித்து முடித்தபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

டிரிபிளிடம் கற்ற இன்னொன்று, ஏவாளைப் பற்றி. “ஏற்ற துணை” என்று நாம் படிக்கிற இடத்தில் எபிரெயத்தில் எசேர் என்று இருக்கிறது. 121ஆம் சங்கீதத்தில் “எனக்கு ஒத்தாசை வரும்” என்று பாடுகிறோமே, அந்த ஒத்தாசையும் எசேர்தான். வருகிறது கர்த்தரிடமிருந்து. துணை என்றால் கைக்கு அடக்கமான எடுபிடி என்று நாம் நினைத்துக்கொள்வது எபிரெயத்தில் இல்லாத பொருள்.

யூனியா கதையையும் சொல்லாமல் விட முடியாது. ரோமர் 16:7இல் பவுல் அவளை அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்களில் ஒருத்தியாக வாழ்த்துகிறார். நான்காம் நூற்றாண்டில் புகழ்பெற்ற பிரசங்கியான கிறிசோஸ்தம் அவளைப் பெண்ணென்றே புகழ்ந்து பேசியிருக்கிறார். இடைக்காலத்திலிருந்து அவள் மெல்ல மெல்ல யூனியாஸ் என்ற ஆணாக மாறினாள். அப்படி ஒரு ஆண் பெயர் அந்தக் காலத்துக் கல்வெட்டிலோ ஏட்டிலோ கிடைத்ததில்லை என்று 1977இல் பெர்னடெட் புரூட்டன் எழுதினார். அதன்பின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல திருந்தின. நம் வேதத்தில் பெயர் “யூனியா” என்றே நிற்கிறது, அடுத்து “அவர்கள்” என்று வருகிறது. நம் “அவர்கள்” ஆணையும் தாங்கும், பெண்ணையும் தாங்கும். தமிழ் இலக்கணம் யூனியாவைக் காப்பாற்றி வைத்திருந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். “பெண்கள்” என்று ஒரே மூச்சில் பேசுகிறோம், எல்லாப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதில்லை. கறுப்பின இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் ஆகாரை மையமாக வைத்து எழுதினார். ஆபிரகாமின் மனைவி சாராளும் பெண்தான், ஆகாரைக் கடினமாய் நடத்தி ஓடவைத்தவளும் அவள்தான். ஆகார் அடிமை. ஆனால் வேதத்தில் கடவுளுக்கே பேரிடுகிறவள் அவள்: “நீர் என்னைக் காண்கிற தேவன்.” அவளைக் கடவுள் விடுதலை செய்யவில்லை, திரும்பிப் போ என்கிறார், பிழைத்திருக்க வழி காட்டுகிறார். இதை மழுப்பாமல் எழுதியது வில்லியம்ஸின் நேர்மை.

நம்மிடையே பாமா. தலித் கத்தோலிக்கப் பெண், ஏழை தலித் பிள்ளைகளுக்கு உதவலாம் என்று ஆசிரியர் வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். மடமும் அதன் பள்ளிகளும் யாருக்காக நடக்கின்றன என்றும், சாதி உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்த்தார். ஏழு வருஷத்துக்குப் பின் வெளியே வந்து, 1992இல் ‘கருக்கு’ எழுதினார். பனங்கருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். எபிரெயர் 4:12ஐயும் எடுத்துப் பாருங்கள்: தேவனுடைய வார்த்தை “இருபுறமும் கருக்குள்ள” பட்டயத்தைவிடக் கருக்கானது. மடத்தை விட்டு வந்த பெண், வேதத்தின் சொல்லை அங்கேயே விட்டுவிட்டு வரவில்லை.

சொத்து, சட்டம் பற்றியெல்லாம் நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு வார்த்தை. திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லாத தந்தையின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதை ஒழித்தார். அதற்கு எதிராகச் சபைகளிலிருந்தும் குரல் எழுந்தது. மரபு என்று நாம் சொல்வதில் பாதி பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருக்கிறது.

சரி, நீங்கள் என்ன செய்வது? இருப்பதா போவதா என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: உங்களை உட்காரச் சொன்ன பெரியவரின் சொந்தச் சபை அவர் பக்கம் இல்லை. சி.எஸ்.ஐ. பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. 2013இல் புஷ்ப லலிதா நந்தியால் பேராயரானார். பேராயம் நடத்தவே பெண்ணுக்கு உத்தரவு இருக்கிற சபையில் வரவு செலவு கேட்க உத்தரவில்லையா? அடுத்த கூட்டத்தில் இதை இப்படியே கேளுங்கள். கணக்குக்கான பதிலும் இன்னும் வரவில்லை, மறந்துவிடாதீர்கள்.

வேதத்தைத் திறக்க மனமில்லை என்றால் சங்கீதத்திலிருந்தோ சுவிசேஷத்திலிருந்தோ தொடங்க வேண்டியதில்லை. ஒரு சொல் வேதத்தில் எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கியம் ஒன்று எடுங்கள். மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் தரும் ஸ்ட்ராங் எண்கள் போட்ட வேதாகமச் செயலி இப்போது போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கிரேக்கு எண் 1249 என்று தேடுங்கள், டியாகோனோஸ் வரும் இடமெல்லாம் வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் தமிழ் வேதத்தில் திறந்து, எங்கே “ஊழியக்காரன்”, எங்கே “உதவிக்காரர்”, எங்கே “ஊழியக்காரி” என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏறக்குறைய முப்பதுதான் இருக்கும், இரண்டு சாயங்காலம் போதும். எழுதி முடித்ததும் எபிரெய எண் 5828, எசேர். அதில் சந்தேகம் வந்தால் கேளுங்கள்.